விண்ணிலும் போர்க்களத்திலும் எடுத்த படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்வெளிப் பயணங்களிலும் ராணுவ நடவடிக்கைகளிலும் எடுக்கப்பட்ட புகழ்பெற்ற படங்களைப் பற்றித் திரும்பத் திரும்ப எழும் கேள்விகள் இவை. ஒரு படத்தை யார், எந்தக் கேமராவில், எந்த நிலைமையில் எடுத்தார் என்று தெரிந்தால்தான் அதை முழுதாகப் பார்த்ததாகும் என்பது என் உறுதியான எண்ணம். அதனால் பதில்களில் படத்தின் அழகைவிட அது உருவான விதம்தான் அதிகம் வரும்.

இரண்டும் வேறு வேறு துறைகள் ஆயிற்றே, ஏன் சேர்த்துப் பேச வேண்டும்?

இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்தவை. 1943-இல் பால்டிக் கடலோரம் பீனமுண்டே என்ற இடத்தின் மேல் பறந்த பிரிட்டிஷ் உளவு விமானங்கள் எடுத்த படங்களில், நீளமான ஏதோ ஒன்று தரையில் கிடப்பது தெரிந்தது. அது ஜெர்மனியின் வி-2 ராக்கெட். போர் முடிந்ததும் அமெரிக்கா அந்த ராக்கெட்டுகளைக் கைப்பற்றிக் கொண்டுபோனது. 1946 அக்டோபர் 24 அன்று அவற்றில் ஒன்று நியூ மெக்சிகோவின் வொயிட் சாண்ட்ஸ் தளத்திலிருந்து 105 கி.மீ. உயரம் வரை போனது. உள்ளே ஒன்றரை நொடிக்கு ஒரு ஃபிரேம் எடுக்கும் 35 மி.மீ. கேமரா. ராக்கெட் தரையில் மோதி நொறுங்கியது. எஃகு உறைக்குள் இருந்த ஃபிலிம் பிழைத்தது. கழுவிப் பார்த்தால் கறுப்பு வானம், அதன் கீழே வளைந்து கிடக்கும் பூமி. விண்வெளியிலிருந்து எடுத்த முதல் பூமிப் படம் அதுதான். நகரங்களை அழிக்கச் செய்த எந்திரம் எடுத்துக் கொடுத்த படம்.

அந்தத் தொடர்பு அதோடு அறுந்துவிடவில்லை. 1966-67-இல் நிலவை வரைபடமாக்கிய லூனார் ஆர்பிட்டர் கலங்களின் கேமரா, கோடாக் நிறுவனம் உளவுச் செயற்கைக்கோளுக்காகச் செய்த கேமராவிலிருந்து வந்தது. 2012-இல் அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள் அமைப்பு தனக்குத் தேவைப்படாத 2.4 மீட்டர் தொலைநோக்கிகள் இரண்டை நாசாவுக்குச் சும்மா கொடுத்தது. நாசாவின் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் கண்ணாடியும் அதே அளவுதான். கிடைத்த இரண்டில் ஒன்று ரோமன் விண்வெளித் தொலைநோக்கியாக மாறியது.

டிஜிட்டல் கேமரா வருவதற்கு முன் விண்கலங்கள் படத்தை எப்படி அனுப்பின?

ஃபிலிமில் எடுத்து, கலத்துக்குள்ளேயே கழுவி, காயவைத்து, ஒளியால் வருடி, அதை ரேடியோ அலையாக மாற்றி அனுப்பின. 1959 அக்டோபரில் சோவியத்தின் லூனா-3 இப்படித்தான் நிலவின் மறுபக்கத்தை முதன்முதலாகக் காட்டியது. படங்கள் மங்கல்தான். ஆனால் அதுவரை எந்த மனிதக் கண்ணும் பார்க்காத நிலம் அது. லூனா-3 பயன்படுத்திய ஃபிலிம், அமெரிக்கா சோவியத்தின் மேல் பறக்கவிட்டு அங்கே விழுந்த உளவு பலூன்களிலிருந்து எடுத்தது என்று சொல்லப்படுகிறது. கதிர்வீச்சையும் வெப்பநிலை மாற்றத்தையும் தாங்கும் ஃபிலிம் அப்போது சோவியத்திடம் இல்லை என்பது அதற்குச் சொல்லும் காரணம்.

உளவுச் செயற்கைக்கோள்களின் வழி வேறு. அமெரிக்காவின் கொரோனா திட்டத்தில் ஃபிலிம் சுருளையே ஒரு கூண்டில் வைத்துப் பூமிக்கு இறக்கினார்கள். பாராசூட்டில் மிதந்துவரும் கூண்டை, பசிபிக் கடலின் மேல் ஒரு சரக்கு விமானம் கொக்கி போட்டு நடுவானில் பிடிக்கும். 1960 ஆகஸ்டில் முதல்முறை பிடித்த ஒரே சுருளில், அதற்கு முன் யு-2 உளவு விமானங்கள் எல்லாம் சேர்ந்து எடுத்ததைவிட அதிகமான சோவியத் நிலப்பரப்பு பதிவாகியிருந்தது. 1972 வரை ஓடிய அந்தத் திட்டத்தின் 8,60,000-க்கும் மேற்பட்ட படங்கள் 1995-இல் ரகசியப் பட்டியலிலிருந்து விடுவிக்கப்பட்டன. இன்று அவற்றை அதிகம் தேடிப் பார்ப்பவர்கள் தொல்லியல் ஆய்வாளர்கள். அணைகளும் நகர விரிவாக்கமும் விழுங்கிய பழைய குடியிருப்பு மேடுகளும் பாதைகளும் அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்களில்தான் அப்படியே இருக்கின்றன. எதிரியின் ஏவுகணையைத் தேடி எடுத்த படம் கடைசியில் வரலாற்றுக்குப் பயன்படுகிறது என்பது எனக்கு மிகுந்த நிறைவு தரும் விஷயம்.

நிலவின் விளிம்புக்கு மேல் பூமி உதிக்கும் புகழ்பெற்ற படம் திட்டமிட்டு எடுத்ததா?

இல்லை. 1968 டிசம்பர் 24. ஃபிராங்க் போர்மன், ஜிம் லவல், வில்லியம் ஆண்டர்ஸ் மூவரும் அப்பல்லோ-8 கலத்தில் நிலவைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். நிலவின் பள்ளங்களைப் படம் எடுப்பதுதான் ஆண்டர்ஸின் வேலை. நான்காவது சுற்றில் கலம் மெல்லப் புரண்டபோது, பக்கவாட்டு ஜன்னலில் பூமி மேலே வருவதை அவர் கண்டார். கையிலிருந்த கேமராவில் கறுப்பு வெள்ளை ஃபிலிம். அதிலேயே ஒன்று எடுத்துவிட்டு, கலர் ஃபிலிம் எங்கே, சீக்கிரம் கொடு என்று லவலை அவசரப்படுத்தினார். அந்தப் பரபரப்பு முழுவதும் கலத்தின் ஒலிப்பதிவில் இருக்கிறது. ஃபிலிம் கைக்கு வருவதற்குள் அந்த ஜன்னலிலிருந்து பூமி நழுவிவிட்டது. இன்னொரு ஜன்னலில் தெரிந்தது. ஹாசல்பிளாட் கேமரா, 250 மி.மீ. லென்ஸ். அப்படிக் கிடைத்த படம் அது.

நாம் பார்ப்பது திருப்பி வைத்த வடிவம். ஆண்டர்ஸ் பார்த்த கோணத்தில் நிலவின் விளிம்பு செங்குத்தாக நிற்கும். பூமி பக்கவாட்டில் இருக்கும். அடிவானம் கிடைமட்டமாக இருந்தால்தான் உதயம் போலத் தோன்றும் என்பதால் திருப்பிவிட்டார்கள். 1972 டிசம்பர் 7 அன்று அப்பல்லோ-17 வீரர்கள் எடுத்த முழுப் பூமிப் படத்துக்கும் இதே கதைதான்: மூலத்தில் தென்துருவம் மேலே இருக்கும். இரண்டையும் ஒருமுறையாவது மூலக் கோணத்தில் பார்த்துவிட வேண்டும் என்பேன். மேல் கீழ் என்பதே அங்கே கிடையாது என்பது அப்போதுதான் உறைக்கும்.

நிலவைச் சுற்றும் பாதையிலிருந்து பூமியை முதலில் எடுத்தது ஆண்டர்ஸ் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1966 ஆகஸ்ட் 23 அன்று லூனார் ஆர்பிட்டர்-1 கறுப்பு வெள்ளையில் எடுத்துவிட்டது.

நிலவில் முதலில் கால் வைத்தவர் ஆர்ம்ஸ்ட்ராங். நிலவில் நிற்கும் வீரரின் புகழ்பெற்ற படத்தில் இருப்பது அவரா?

அவர் அல்ல, பஸ் ஆல்ட்ரின். பெரும்பாலான நேரம் கேமரா ஆர்ம்ஸ்ட்ராங்கிடம் இருந்ததால் நல்ல படங்களில் எல்லாம் ஆல்ட்ரின்தான் இருக்கிறார். ஆர்ம்ஸ்ட்ராங்கைப் பார்க்க வேண்டுமானால் அந்தப் படத்திலேயே ஆல்ட்ரினின் தங்க நிற முகக் கண்ணாடியை உற்றுப் பாருங்கள். சின்னதாக, வெள்ளையாக, படம் எடுத்துக்கொண்டு நிற்பவர் அவர்தான். பக்கத்தில் இறங்குகலம், கொடி எல்லாம் தெரியும்.

படத்தின் எண் ஏ.எஸ்.11-40-5903. முதல் பகுதி அப்பல்லோ-11, 40 என்பது ஃபிலிம் பெட்டியின் எண், 5903 ஃபிரேம் எண். மூலத்தில் ஆல்ட்ரினின் தலைக்கு மேலே இடமே இல்லை, சட்டென்று வெட்டுப்பட்டிருக்கும். நெஞ்சோடு பொருத்திய அந்தக் கேமராவில் கண் வைத்துப் பார்க்கும் துவாரம் கிடையாது; உடம்பைத் திருப்பிக் குத்துமதிப்பாகத்தான் எடுக்க வேண்டும். பத்திரிகைகளில் வந்த வடிவத்தில் மேலே கறுப்பு வானத்தை ஒட்டிச் சேர்த்திருக்கிறார்கள். எனக்கு வெட்டுப்பட்ட மூலம்தான் பிடிக்கும். தடித்த கையுறையோடு ஒரு மனிதர் எடுத்த படம் என்பது அதில்தான் தெரிகிறது.

நிலவில் எடுத்த படங்களில் நட்சத்திரங்களே இல்லையே?

நிலவின் பகலில், வெயில் அடிக்கும் தரையையும் வெள்ளை உடையையும் எடுக்க ஷட்டர் மிகக் குறைந்த நேரமே திறக்கும். அந்த நேரத்துக்குள் நட்சத்திர ஒளி ஃபிலிமில் பதியாது. நிலவுக்குப் போனதே பொய் என்பவர்கள் கேட்கும் மற்ற கேள்விகளுக்கும் பதில் உண்டு. படங்களில் தெரியும் சிறு சிலுவைக் குறிகள் ஃபிலிமுக்கு முன்னால் இருக்கும் கண்ணாடித் தகட்டில் பொறித்தவை. தூரத்தையும் கோணத்தையும் கணக்கிட உதவும். கொடி விரிந்து நிற்பதற்குக் காரணம் மேல் விளிம்பில் செருகிய கம்பி. 2011-இல் நிலவைச் சுற்றும் லூனார் ரெக்கனைசன்ஸ் ஆர்பிட்டர் என்ற கலம் தன் பாதையைத் தாழ்த்தி எடுத்த படங்களில் அப்பல்லோ 12, 14, 17 வீரர்கள் நடந்த தடங்கள் கோடு கோடாகத் தெரிகின்றன.

ஹபிள் படங்களின் நிறங்கள் உண்மையா?

ஒளி உண்மை, நிறம் தேர்ந்தெடுத்தது. ஹபிளின் கேமரா ஒவ்வொரு வடிகட்டி வழியாகவும் கறுப்பு வெள்ளையில்தான் எடுக்கும். 1995-இல் ஜெஃப் ஹெஸ்டரும் பால் ஸ்கோவனும் எடுத்த, வாயுவும் தூசும் தூண்கள் போல எழுந்து நிற்கும் 'படைப்பின் தூண்கள்' படத்தில், கந்தகத்திலிருந்து வரும் ஒளிக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என்று கொடுத்தார்கள். நம் கண்ணுக்குக் கந்தகமும் ஹைட்ரஜனும் இரண்டுமே சிவப்பாகத்தான் தெரியும். அப்படியே விட்டிருந்தால் எது எங்கே இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க முடியாது. இதை ஏமாற்று வேலை என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்பதை வெளிப்படையாகச் சொல்கிறார்கள், கேட்பவர்கள்தான் குறைவு.

அந்தப் படத்தின் ஒரு மூலை படிக்கட்டு போல வெட்டுப்பட்டிருப்பதும் பலருக்குச் சந்தேகம். கேமராவில் நான்கு பகுதிகள். அவற்றில் ஒன்று மற்றவற்றைவிட நெருக்கமாகப் பார்க்கும். அதன் படத்தைச் சுருக்கி அளவு பொருத்தும்போது மூலை காலியாகிவிடுகிறது.

கருந்துளைப் படத்தைப் புகைப்படம் என்று சொல்லலாமா?

2019 ஏப்ரல் 10 அன்று வெளியான, எம்87 என்ற விண்மீன் மண்டலத்தின் நடுவே இருக்கும் கருந்துளையின் படம் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எடுத்ததல்ல. 2017 ஏப்ரலில் உலகின் பல மூலைகளில் இருந்த எட்டு ரேடியோ தொலைநோக்கிகள் ஒரே நேரத்தில் பதிவு செய்த அலைகளை ஒன்றுசேர்த்துக் கணித்தது. இணையத்தில் அனுப்ப முடியாத அளவு தரவு என்பதால் ஹார்டு டிஸ்க்குகளை விமானத்தில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். தென்துருவத்து டிஸ்க்குகளுக்காக அங்கே குளிர்காலம் முடியும் வரை காத்திருந்தார்கள். நான் அதைப் படம் என்றே சொல்வேன். புகைப்படம் என்று சொல்ல மாட்டேன்.

எடுக்கவே மிகவும் கடினமாக இருந்த விண்வெளிப் படம் எது?

வெள்ளிக் கோளின் தரையில் எடுத்தவை என்பது என் கணிப்பு. 1982 மார்ச் 1 அன்று சோவியத்தின் வெனெரா-13 இறங்கிய இடத்தில் வெப்பம் 450 டிகிரி செல்சியஸுக்கு மேல். அழுத்தம் பூமியைப் போல சுமார் 90 மடங்கு. கலம் 127 நிமிடங்கள் தாக்குப்பிடித்து, ஆரஞ்சு வானத்தின் கீழ் தட்டையான பாறைகளைக் கலரில் அனுப்பியது. சில நாட்கள் கழித்து இறங்கிய வெனெரா-14-க்கு வேறு சோதனை. கழன்று விழுந்த லென்ஸ் மூடி, மண்ணின் உறுதியை அளக்க வந்த கை இறங்க வேண்டிய இடத்திலேயே போய் விழுந்தது. கை மூடியைத்தான் அளந்தது. படத்தில் அந்த மூடியைத் தெளிவாகப் பார்க்கலாம்.

தூரத்தைக் கணக்கில் எடுத்தால் நாசாவின் வாயேஜர்-1 விண்கலம் எடுத்தது. 1990 பிப்ரவரி 14 அன்று, சுமார் 600 கோடி கி.மீ. தொலைவிலிருந்து அது திரும்பிப் பார்த்து 60 ஃபிரேம்கள் எடுத்தது. வானியலாளர் கார்ல் சேகன் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தது அது. சூரியனுக்கு இவ்வளவு அருகில் கேமராவைத் திருப்பினால் பழுதாகிவிடும் என்ற பயம் ஒருபக்கம், அறிவியல் பயன் என்ன என்ற கேள்வி மறுபக்கம். கடைசியில் எடுத்தார்கள். பூமி அதில் ஒரு பிக்சல் அளவுகூட இல்லை. சிதறிய சூரிய ஒளியின் கீற்றில் தற்செயலாக அமர்ந்திருக்கிறது. அதன்பின் வாயேஜரின் கேமராக்களை நிரந்தரமாக அணைத்துவிட்டார்கள்.

புகழ்பெற்ற போர்ப் படங்கள் பல 'செட்டப்' என்கிறார்களே?

சில உண்டு, சில இல்லை. மூன்று படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும்.

1855-இல் கிரிமியப் போரில் ரோஜர் ஃபென்டன் எடுத்த பள்ளத்தாக்குப் படத்துக்கு இரண்டு வடிவங்கள். ஒன்றில் பாதையில் பீரங்கிக் குண்டுகள் சிதறிக் கிடக்கும். இன்னொன்றில் பாதை காலி. எது முதலில் எடுத்தது என்று நெடுநாள் விவாதம் நடந்தது. சரிவில் கிடந்த சிறு கற்கள் எந்தப் படத்தில் கீழே நகர்ந்திருக்கின்றன என்று ஒப்பிட்டதில், காலிப் பாதைதான் முதலில் என்று தெரிந்தது. அப்படியானால் குண்டுகளை யாரோ பாதையில் எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.

1945 பிப்ரவரி 23, ஜப்பானின் ஐவோ ஜிமா தீவு. சுரிபாச்சி மலை உச்சியில் அமெரிக்க வீரர்கள் கொடி நடும் ஜோ ரோசென்தாலின் படம் செட்டப் அல்ல. அது அன்று ஏற்றிய இரண்டாவது கொடி. முதல் கொடி சிறியது என்பதால் பெரியதை ஏற்றினார்கள். ரோசென்தால் காலடிக்குக் கல் அடுக்கிக்கொண்டிருந்தபோதே கம்பம் எழத் தொடங்கிவிட்டது. லென்ஸ் வழியே பார்க்கக்கூட நேரமில்லாமல் கேமராவைத் திருப்பி அழுத்தினார். பிறகு அதே இடத்தில் வீரர்களை நிற்கவைத்து ஒரு குழுப் படமும் எடுத்தார். 'போஸ் கொடுக்க வைத்தீர்களா' என்று பின்னர் யாரோ கேட்டபோது, அந்தக் குழுப் படத்தைக் கேட்பதாக நினைத்து ஆம் என்றார். அங்கே கிளம்பிய வதந்தி அவர் ஆயுள் முழுவதும் ஓயவில்லை. பக்கத்தில் நின்று பில் ஜெனாஸ்ட் எடுத்த சினிமா ஃபிலிம், கம்பம் ஒரே மூச்சில் ஏறியதைக் காட்டுகிறது. படத்தில் இருக்கும் ஆறு பேரில் மூவர் அதே தீவில் அடுத்த சில வாரங்களில் இறந்தார்கள். ஜெனாஸ்டும் அங்கேயே இறந்தார். ஆறு பேர் யார் யார் என்ற பட்டியலை அமெரிக்க மெரின் படை 2016-லும் 2019-லும் திருத்தியது.

அதே ஆண்டு மே 2, பெர்லின். ஜெர்மன் நாடாளுமன்றமான ரைக்ஸ்டாக் கட்டடத்தின் மேல் சோவியத் கொடி. யெவ்கெனி ஹால்தேய் கொடியைக் கையோடு கொண்டுபோய், வீரர்களைக் கூப்பிட்டு எடுத்த படம். சிவப்பு மேசை விரிப்புகளை வெட்டித் தைத்த கொடி அது. பின்னணியில் புகையைக் கூட்டினார்கள். ஒரு வீரரின் இரு கைகளிலும் கடிகாரம் தெரிந்தது. கொள்ளை அடித்ததாகத் தோன்றும் என்பதால் ஒன்றைச் சுரண்டி எடுத்தார்கள். ஆனாலும் கட்டடம் உண்மையிலேயே வீழ்ந்திருந்தது, வீரர்களும் உண்மையான வீரர்கள்தான். நிகழ்ந்ததை மறுபடி நடத்திக் காட்டிய படம் என்று தலைப்பில் எழுதினால் அதற்கு உரிய இடம் கிடைக்கும். எழுதாமல் விடுவதுதான் தவறு.

ஒரு படம் போரைத் தடுத்திருக்கிறதா?

1962 அக்டோபர் 14 அன்று ரிச்சர்ட் ஹெய்சர் ஓட்டிய யு-2 விமானம் கியூபாவின் மேல் 928 படங்கள் எடுத்தது. பழகாத கண்ணுக்கு அவற்றில் மரங்களும் மண்பாதைகளும்தான் தெரியும். படம் படிப்பவர்கள் இரண்டு படங்களை அடுத்தடுத்து வைத்து, ஸ்டீரியோஸ்கோப் வழியே மேடு பள்ளத்தோடு பார்ப்பார்கள். தார்ப்பாய் மூடிய நீளமான பொருள்களை அளந்து, மாஸ்கோ அணிவகுப்புகளில் பார்த்த சோவியத் ஏவுகணைகளின் நீளத்தோடு ஒப்பிட்டார்கள். பொருந்தியது. 16-ஆம் தேதி அமெரிக்க அதிபர் கென்னடியின் மேசைக்குப் படங்கள் போயின. 25-ஆம் தேதி ஐ.நா.வுக்கான அமெரிக்கத் தூதர் அட்லாய் ஸ்டீவன்சன் ஐ.நா. பாதுகாப்பு அவையில் அவற்றைப் பெரிதாக்கி நிறுத்திவைத்து உலகத்துக்கே காட்டினார்.

அந்தப் படங்களில் அம்புக்குறியும் பெயர்ச்சீட்டும் ஒட்டியிருப்பதைக் கவனியுங்கள். அவை இல்லையென்றால் யாருக்கும் எதுவும் புரிந்திருக்காது. போரைத் தடுத்தது பேச்சுவார்த்தைதான். பேச அவகாசம் கிடைத்தது, ஏவுகணைத் தளங்கள் வேலைக்குத் தயாராகும் முன்பே படம் கிடைத்ததால்.

உளவுச் செயற்கைக்கோளால் கையிலிருக்கும் செய்தித்தாளைப் படிக்க முடியுமா?

முடியாது. 2.4 மீட்டர் கண்ணாடி, 250 கி.மீ. உயரம் என்று வைத்துக்கொண்டால், இயற்பியல் அனுமதிக்கும் எல்லையே சுமார் 7 செ.மீ. அதற்குள் காற்றின் கலக்கமும் சேரும். 2019 ஆகஸ்ட் 30 அன்று அமெரிக்க அதிபர் டிரம்ப் வெளியிட்ட ஈரான் ஏவுதளப் படம், உண்மையான கூர்மை எவ்வளவு என்று பொதுமக்களுக்குக் காட்டியது. வானத்தைக் கவனிக்கும் ஆர்வலர்கள் நிழலின் நீளத்திலிருந்து நேரத்தையும், ஏவுமேடையின் சாய்விலிருந்து கோணத்தையும் கணக்கிட்டு, எடுத்தது யு.எஸ்.ஏ.-224 என்ற செயற்கைக்கோள் என்றே சொல்லிவிட்டார்கள்.

போர் விமானத்தைச் சுற்றி வெள்ளைக் கூம்பு தெரிகிறதே, ஒலியின் வேகத்தைத் தாண்டும் நொடியா?

அப்படித்தான் எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். 1999 ஜூலை 7 அன்று ஜான் கே என்ற கடற்படை வீரர் பசிபிக்கில் எடுத்த எஃப்/ஏ-18 படம் அந்த வகையில் மிகப் புகழ்பெற்றது. கூம்பு என்பது காற்றழுத்தம் திடீரென்று குறைவதால் ஈரப்பதம் குளிர்ந்து நீர்த்துளிகளாகித் தோன்றும் மேகம். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் ஒலிவேகத்துக்குக் கீழேயே அது வந்துவிடும். உண்மையான அதிர்வலைகளைப் பார்க்க வேண்டுமானால், 2019-இல் நாசா வெளியிட்ட இரண்டு டி-38 விமானங்களின் படத்தைப் பாருங்கள். இரண்டு விமானங்களின் அலைகளும் ஒன்றையொன்று தொட்டு வளைவதுகூடத் தெரியும்.

இதே வரிசையில் இன்னொன்று: பாலைவனத்தில் இரவில் இறங்கும் ஹெலிகாப்டரின் மேல் தங்க வளையம். இறக்கைகளின் முன்விளிம்பில் இருக்கும் உலோகப் பட்டையில் மணல் உராய்ந்து தெறிக்கும் பொறிகள் அவை.

இந்தப் படங்களை நான் பயன்படுத்தலாமா?

நாசா படங்களுக்கும் அமெரிக்க ராணுவத்தினர் பணியில் எடுத்த படங்களுக்கும் பொதுவாகக் காப்புரிமை இல்லை. ஆனால் சின்னங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தக்கூடாது. அடையாளம் தெரியும் மனிதர்களின் படம் என்றால் அவர்கள் உரிமை தனி. செய்தி நிறுவனங்களின் படங்களுக்கு இந்தச் சலுகை இல்லை. ஐவோ ஜிமா படத்தை எடுத்த ரோசென்தால் அசோசியேட்டட் பிரஸ்ஸுக்கு வேலை செய்தவர். மற்ற நாட்டு விண்வெளி அமைப்புகளுக்குத் தனித்தனி விதிகள். ஒவ்வொன்றையும் பார்த்துக்கொள்வது நல்லது.

வாட்ஸ்அப்பில் வரும் படம் உண்மையா என்று எப்படிப் பார்ப்பது?

முதலில் எண் இருக்கிறதா என்று பாருங்கள். அப்பல்லோ படம் என்றால் மேலே சொன்ன மாதிரி ஒரு எண் கட்டாயம் இருக்கும். அமெரிக்க ராணுவப் படங்களிலும் தேதி, படைப்பிரிவின் எழுத்து, எடுத்தவரின் குறியீடு, வரிசை எண் என்று ஒரு தொடர் இருக்கும். எண் கிடைத்தால் மூலப் படத்துக்கே போய்விடலாம். கிடைக்கவில்லையென்றால் படத்தைத் தேடுபொறியில் போட்டுத் தேடி, மிகப் பழைய பதிவைப் பாருங்கள்; பழைய போரின் படம் புதிய போருக்கு வந்திருக்கும். போர்க் காட்சி என்று சுற்றும் வீடியோக்களில் பல 'ஆர்மா-3' என்ற கணினி விளையாட்டிலிருந்து எடுத்தவை.

ஒரே ஒரு படத்தை நம்புவதும் ஆபத்து. 1976-இல் வைக்கிங்-1 செவ்வாயில் 'முகம்' போன்ற ஒரு குன்றை எடுத்தது. படம் உண்மை, குன்றும் உண்மை. 1998-லும் 2001-லும் மார்ஸ் குளோபல் சர்வேயர் வேறு வெயிலில், இன்னும் கூர்மையாக எடுத்தபோது வெறும் மேடுதான் இருந்தது.

சரி, எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

தனிப் படங்களை விட்டுவிட்டு, ஒரு முழுச் சுருளைப் பாருங்கள். அப்பல்லோ-11-இன் 40-ஆம் பெட்டி இணையத்தில் இலவசமாக இருக்கிறது. முதல் ஃபிரேமிலிருந்து வரிசையாக வாருங்கள். கோணல், மங்கல், ஒரே காலடித் தடத்தைத் திரும்ப எடுத்தது எல்லாம் வரும். 5886-இல் முதுகைக் காட்டிக்கொண்டு கலத்தின் அருகே வேலை செய்பவர் ஆர்ம்ஸ்ட்ராங். ஆல்ட்ரின் எடுத்த படம் அது. 5903 அதற்கு அப்புறம்தான் வரும்.